அந்த 168 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை நானும் என் சின்ன வயதுத் தோழியும் போன பர்கர் கடையில் நடந்ததை வைத்து நேற்று முழுக்க எங்கள் கல்லூரி குரூப்பில் பேசித் தீர்த்துவிட்டார்கள். இங்கேயும் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். "ஐந்நூறு ரூபாய்க்கு பர்கர் சாப்பிடுவாளாம், சர்வீஸ் சார்ஜ் என்றால் மட்டும் சண்டைக்குப் போவாளாம்." சரி, பதில் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பன்னில் வெண்ணெய் மணம், நடுவில் வைக்கும் பேட்டியின் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, கடித்தால் மணிக்கட்டு வரை சாறு வழிகிறது. 495 ரூபாய் என்று மெனுவில் போட்டிருந்தது. பார்த்துத்தான் ஆர்டர் செய்தேன். அந்த விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பில் வந்தது. சாப்பிட்டதற்கு 1680. அதன் கீழே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 168. அப்புறம் இரண்டையும் கூட்டி அதற்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அவர்களாகச் சேர்த்துக்கொண்ட தொகைக்கு வரியும் நானா கட்ட வேண்டும்? "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி கிடையாது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் சேர்த்து ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரி என்றது. மேல்முறையீடு போயிருக்கிறார்களே என்பீர்கள். போகட்டும். விருப்பப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. நான் சொன்னதும் இதைத்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யட்டுமா என்று கேட்ட பிறகுதான் மேனேஜர் வேறு பில் அடித்தார். 1764 ரூபாய்.

"பாவம், அந்தப் பணம் சர்வருக்குத்தானே போகிறது?" இதை என்னிடமா கேட்கிறீர்கள்? என் அப்பா மதுரையில் 22 வருஷம் ஹோட்டல் சர்வர். ராத்திரி வந்ததும் சட்டைப் பையில் இருப்பதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டுவார். பில் தட்டில் கிடந்த காசு, சோம்பும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரத்துணியால் துடைத்து அடுக்குவது என் வேலை. என் நோட்டுப் புத்தகமெல்லாம் அந்தக் காசில் வாங்கியதுதான். டிப்ஸ் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பரிமாறிய தம்பியிடம் கேட்டேன், "இந்த 168 உங்களுக்கு வருமா?" என்று. அவன் வாயைத் திறக்கவில்லை, மேனேஜர் இருந்த பக்கம் பார்த்தான். கிளம்பும்போது அவன் கையிலேயே 200 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பில்லில் இருந்ததைவிட அதிகம். குரூப்பில் இதை யாராவது சொன்னார்களா? கூடவே இருந்த என் தோழி சொல்லவில்லையே.

எனக்கு வலிப்பது அதுதான். மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கும்போது "விடுடி, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய் "இன்னைக்கு மானம் போச்சு" என்று குரூப்பில் போட்டாளே, அதை எப்படிப் பொறுப்பது? அநியாயமாகப் பணம் போட்டவருக்கு மானம் போகவில்லை. அதைக் கேட்டதால் இவளுக்குப் போய்விட்டதாம். அப்பா கட்டிக்கொண்டு வரும் பரோட்டா பார்சலுக்காக என்னோடு பதினோரு மணி வரை திண்ணையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். சால்னா போதவில்லை என்று அப்பாவிடம் உரிமையோடு சண்டை போட்டவள்.

இன்று காலையில் ஜிபேயில் அவள் பங்குப் பணம் வந்திருக்கிறது. 970 ரூபாய். பழைய பில்லில் பாதி. ஒரு வார்த்தை எழுதவில்லை.

882 போக மீதி 88 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.