ஆற்றின் மேல் ஓடுதளம், ஓரத்தில் குடிசை

அடையாறு, கூவம் சீரமைப்பு என்று பேச்செடுத்தாலே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வசனம்தான்: "முதல்ல கரையோரக் குடிசைகளைத் தூக்கணும்." போன வாரமும் வந்தது. அங்கே பதில் போட்டால் சண்டையாகிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆறு சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேலேயே பாலம் கட்டித்தான் நீள்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்து விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். அதை யாராவது தூக்கச் சொன்னோமா? அந்த வெள்ளத்தைக் காட்டித் தூக்கியதெல்லாம் குடிசைகளைத்தான். இரண்டு ஆறுகளின் கரையிலிருந்தும் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் போய்விட்டன, பெரும்பாலும் ஊருக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் இருக்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு.

பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி. ஆமாம், 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த அதே சதுப்புநிலம்தான். வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கிளப்பியவர்களைத் தண்ணீர் வந்து தேங்குகிற இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவர். நடந்தே வந்து மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போய்விடுவார். பெரும்பாக்கம் போனபிறகு விடியற்காலையில் பஸ் பிடித்தாலும் இங்கே வந்து சேர நேரமாகிவிடும். இரண்டு வீட்டில் "வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார்கள். லிஃப்ட் ரிப்பேரானால் ஏழாவது மாடிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பெண்களுக்கு பஸ் இலவசமானது பெரிய உதவி என்றுதான் சொன்னார். "ஆனா போற நேரத்த யாரு குடுப்பா?" என்று கேட்டார். கடைசியில் எங்கள் வீட்டு வேலையையும் விட்டுவிட்டார்.

சரி, குடிசைகள் போன இடங்களில் கூவம் மணக்கிறதா? நாற்றத்துக்குப் பெரிய காரணம் நகரம் முழுக்க மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் செருகிய கழிவுநீர்க் குழாய்கள். அதில் மாடி வீடுகள், ஓட்டல்கள் எல்லாம் உண்டு. அந்த இணைப்புகளை அடைக்கப் போனால் பெரிய இடத்துப் பகை. குடிசைக்கு ஒரு ஜேசிபி போதும்.

இதைவிட நன்றாகவும் நாம் செய்திருக்கிறோம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, வீடுகள் ஊருக்கு வெளியே போய்விட்டன.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் கழிவுநீர் இணைப்புகளை அடையுங்கள். கரையை அளப்பதானால் பெரிய கட்டடங்களிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். வீடு மாற்றியே ஆகவேண்டும் என்றால் 5 கிலோமீட்டருக்குள் கொடுங்கள், அதுவும் பள்ளி முழுப்பரீட்சை முடிந்தபிறகு. ஊருக்குள் நிலம் ஏது என்பார்கள். மாலுக்கும் சொகுசு அடுக்குமாடிக்கும் மட்டும் எங்கிருந்து கிடைக்கிறதாம்?