58 பெரிதா, 28.5 பெரிதா?

"நடைப்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறையும்." இந்த வரி வாட்ஸப்பில் வராத குடும்பக் குழு இருக்காது. வரி சரிதான். ஆனால் யாருடைய உடம்பில் எடுத்த கணக்கு அது என்று சேர்த்துச் சொல்பவர்களைத்தான் காணோம்.

அந்த 58 அமெரிக்காவில் நடந்த டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் ஆய்விலிருந்து வந்தது. முடிவு 2002-ல் வெளியானது. மொத்தம் 3,234 பேர், எல்லாரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் சராசரியாக 34. அதாவது 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 92 கிலோவுக்கு மேல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை. இன்னொன்றுக்குச் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் 850 மி.கி., தினம் இரண்டு வேளை. மூன்றாவது குழு உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். சராசரியாக 2.8 ஆண்டு பின்தொடர்ந்ததில் வாழ்க்கைமுறைக் குழுவில் 58 சதவீதமும் மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதமும் நோய் குறைந்தது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்தியன் டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராமின் முடிவு 2006-ல் வந்தது. 531 பேர், இவர்களும் அதே வாசற்படியில் நின்றவர்கள், சராசரி வயது 46, சராசரி பி.எம்.ஐ. 25.8. அதே 165 செ.மீ. உயரத்துக்கு இது 70 கிலோ. நம் தெருவில் யாரும் அவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். இங்கே நான்கு குழு: வழக்கமான அறிவுரை மட்டும், வாழ்க்கைமுறை மாற்றம், மெட்ஃபார்மின், இரண்டும் சேர்த்து. மெட்ஃபார்மினை 500 மி.கி. இரண்டு வேளை கொடுக்கத்தான் முதலில் திட்டம். ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் சிலருக்குச் சர்க்கரை தாழ்வது போன்ற அறிகுறிகள் வந்ததால் 250 மி.கி. இரண்டு வேளை என்று குறைத்தார்கள். அமெரிக்க அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்று ஆண்டுக் கணக்கில் அறிவுரைக் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வாழ்க்கைமுறைக் குழுவில் 39.3, மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. ஒப்பீட்டளவில் பார்த்தால் வாழ்க்கைமுறையால் 28.5 சதவீதக் குறைவு, மருந்தால் 26.4. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் ஏதும் இல்லை.

58 எங்கே, 28.5 எங்கே? "நம்ம ஆளுங்க ஒழுங்கா நடக்கலை" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்த அவசரம் தப்பு. அறிவுரைக் குழுவை மட்டும் எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்று ஆண்டில் நோய் வந்தது 28.9 சதவீதத்தினருக்கு. சென்னையில் 55. எடை 20 கிலோ குறைவு, நோய் வந்த வேகமோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க எத்தனை பேர் இந்த முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். அமெரிக்காவில் 28.9-லிருந்து 14.4-க்கு இறங்கியது, வித்தியாசம் 14.5, 100-ஐ அதால் வகுத்தால் 6.9 பேர். சென்னையில் 55-லிருந்து 39.3, வித்தியாசம் 15.7, 6.4 பேர். சதவீதத்தில் பாதியாகத் தெரிந்தது, தலைக்கணக்கில் ஒரு இழை கூடுதலாகவே நிற்கிறது. மெட்ஃபார்மினில் வித்தியாசம் இன்னும் பெரிது: அங்கே 13.9 பேருக்கு ஒருவர், இங்கே 6.9 பேருக்கு ஒருவர், அதுவும் குறைந்த அளவு மாத்திரையில்.

இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் பலன் கிடைத்ததற்கு எடை குறைந்ததே முக்கியக் காரணம். சென்னையில் வாழ்க்கைமுறைக் குழுவின் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை, ஆனாலும் நோய் தள்ளிப்போனது. எடைமெஷின் முள் நகரவில்லை என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அமெரிக்க ஆய்வை மட்டும் படித்தவருக்கு இதைச் சொல்லத் தோன்றாது.

இப்போது எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்க ஆய்விலேயே பி.எம்.ஐ. வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 35-க்கு மேல் இருந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் 53 சதவீதம் தடுத்தது. 30-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு வெறும் 3 சதவீதம். அந்த அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கொள்கை எழுதியிருந்தால் "இங்கே பெரும்பாலானவர்கள் 30-க்குக் கீழ், மெட்ஃபார்மின் பயன்படாது" என்று எழுதியிருப்பார்கள். சராசரி 25.8 இருந்த சென்னைக்காரர்களிடம் அதே மருந்து 26.4 சதவீதம் தடுத்தது. பி.எம்.ஐ. எண் ஒன்றுதான், அந்த எண்ணுக்குள் இருக்கும் உடம்பு வேறு. அதே எடையில் நம்மவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. அங்கே ஒல்லி என்று கணக்கான உடம்பில் நடந்ததை இங்கே உள்ள உடம்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே ஆய்வு நடத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

அப்படியானால் ஒவ்வோர் ஆய்வையும் ஆண், பெண், வயது, எடை, சாதி, ஊர் என்று கூறுபோட்டுப் படித்தால் போதுமா? போதாது, அதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஆஸ்பிரின் இதய, ரத்தநாளச் சாவை 23 சதவீதம் குறைத்தது. கூறுபோட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காகவே அந்த ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்து அச்சிட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் நன்மை இல்லை, லேசாகக் கெடுதல் என்று வந்தது! மேல்நாட்டு முறையில் பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் சூரிய ராசி அது, நம் ஊர் சந்திர ராசி அல்ல. எந்த ராசியாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். போதுமான துண்டு போட்டால் ஏதோ ஒரு துண்டில் மருந்து வேலை செய்யாததுபோல் தெரிந்தே தீரும்.

சென்னையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. டி-கிளிப் ஆய்வு, 578 பேர், முடிவு 2016-ல். முதலில் வாழ்க்கைமுறைப் பயிற்சி, தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மின். மூன்று ஆண்டில் 32 சதவீதக் குறைவு. இதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களுக்கு 12 சதவீதம், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை மட்டும் கூடியவர்களுக்கு 31, இரண்டும் கூடியவர்களுக்கு 36. "வெறும் வயிற்றுக்காரர்களுக்கு இது பயன்படாது" என்று உடனே தலைப்புப் போடத் தோன்றும். ஆனால் அந்த மூன்று குழுக்களுக்குள் உண்மையான வித்தியாசம் இருக்கிறதா என்ற சோதனையின் பி மதிப்பு 0.77. தற்செயலாகவே இப்படி வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்று அர்த்தம். சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பு எழுத முடியாது. துணைக்குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தை, மொத்த ஆய்வில் தேடும் அதே அளவு வித்தியாசமாக இருந்தாலும், உறுதியாகப் பிடிக்கச் சுமார் நான்கு மடங்கு ஆட்கள் தேவை. 578 பேரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஆகவே என் நிலைப்பாடு இது. பலவகைப்பட்ட மக்களை ஆய்வுக்குள் கொண்டுவருவதை ஆய்வு தொடங்கும் முன்பே இலக்கு வைத்துச் செய்ய வேண்டும். முடிந்தபின் கூறுபோட்டுச் சமாளிக்க முடியாது. அமெரிக்க ஆய்வில் சுமார் 45 சதவீதம் பேர் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள், ஆசியர்கள் எனச் சிறுபான்மையினர். 68 சதவீதம் பேர் பெண்கள். அது தானாக நடந்ததல்ல, அந்த மக்களைத் தேடிப்போய்ச் சேர்த்தார்கள். நம் பக்கம் பாருங்கள். சென்னை ஆய்வின் 531 பேரில் பெண்கள் 110. ஐந்தில் ஒருவர். அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஆள் சேர்த்ததன் விளைவு. அதே குழுவினர் பின்னர் செல்போன் குறுஞ்செய்தி மூலம் வாழ்க்கைமுறை அறிவுரை அனுப்பி நடத்திய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. நல்ல முடிவு: நோய் வந்தவர்கள் 27 சதவீதத்துக்குப் பதில் 18. பங்கேற்ற 537 பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. இந்த ஆய்வுகளின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இவை இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் களையெடுக்கும் 45 வயதுப் பெண்ணுக்கு இந்த முடிவு பொருந்துமா என்று கேட்டால் ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்கள் ஏன் வருவதில்லை? ஆய்வில் சேர்க்கும் முன் நடக்கும் குளுக்கோஸ் சோதனையைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். இரவு முழுக்கப் பட்டினி, குறைந்தது 8 மணி நேரம். காலையில் வெறும் வயிற்று ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மடக்கிலிருந்து கடிகாரம் ஓடும். 2 மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடக்கக் கூடாது, காபி கூடாது. வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை வீண், இன்னொரு நாள் வர வேண்டும். பதிவு, காத்திருப்பு எல்லாம் சேர்த்துக் காலை 7-லிருந்து 10 வரை போய்விடும். தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம், நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரம் எல்லாம் அதுதான். அலுவலக ஊழியருக்குப் பர்மிஷன் கிடைக்கும், இவளுக்கு அன்றைய கூலி போகும். சென்னை ஆய்வில் ஒருவரைச் சேர்க்க இந்தச் சோதனையை இரண்டு முறை செய்தார்கள். அது சரியான முடிவு, ஏனென்றால் ஒரே சோதனையில் 2 மணி நேரச் சர்க்கரை 140 என்ற எல்லையைத் தாண்டியவர்களில் பலர் மறுமுறை சாதாரணமாக வருவார்கள். ஆனால் இரண்டு முறை என்றால் இரண்டு நாள் கூலி.

இந்தச் சோதனையில் தப்பு நடக்கும் இடங்களும் உண்டு. கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பெரும்பாலும் நீர்மூலக்கூறு சேர்ந்த மோனோஹைட்ரேட். அதில் 82.5 கிராம் எடுத்தால்தான் 75 கிராம் சுத்தக் குளுக்கோஸ். தராசில் 75 நிறுத்துக் கொடுத்தால் உள்ளே போவது 68 கிராம்தான். அடுத்தது ரத்தக் குழாய். எடுத்த ரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்தால் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். ஃபுளூரைடு போட்ட சாம்பல்மூடிக் குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை முழுதாக நிறுத்தாது. முகாமில் 145 இருந்த ரத்தம் ஆய்வகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதித்துப் போனால் 137 போல வரும், நோயின் வாசலில் இருப்பவர் நார்மல் ஆகிவிடுவார். எனவே ஐஸில் வைக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தொலைவிலுள்ள கிராமத்தில்தான் இது தவறும். ஆக, கிராமத்துக்காரர்கள் வராததால் பாதி விடுபடுகிறார்கள், வந்தவர்களின் ரத்தம் தாமதமானதால் மீதி விடுபடுகிறார்கள்.

"பட்டினியே வேண்டாம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தச் சோதனை எடுத்துச் சேர்த்துவிடலாமே" என்று கேட்கலாம். ஆண்களுக்கு ஓரளவு சரி. இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடிக் காட்டும். அதை மட்டும் நம்பிப் பெண்களைச் சேர்த்தால் சர்க்கரைக்குப் பதில் சோகையை ஆய்வு செய்ததாகிவிடும்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து 1,007 பேரை ஊரிலேயே வைத்து ஆய்வு செய்தார்கள், முடிவு 2018-ல். சர்க்கரை நோய் 17.1-க்கு 14.9 என்று குறைந்தாலும் புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை. நான் இதைத் தோல்வி என்று தள்ளமாட்டேன். ஆய்வு மக்களின் வீட்டு வாசலுக்குப் போக முடியும் என்று காட்டியது அது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆள் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல வழி வேறு கிடையாது. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் அதே அக்கா ஆய்வுக்கும் கையெழுத்து கேட்டால், "வேண்டாம்னு சொன்னா மாத்திரை நின்னுடுமோ" என்ற பயம் வரும். ஒப்புதல் வாங்குவதற்கு வேறு ஆள் வர வேண்டும்.

அந்த ஒப்புதல் படிவமும் மாற வேண்டும். "நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவிற்கு ஒதுக்கப்படுவீர்கள்" என்று எழுதினால் படித்தவருக்கே புரியாது. "சீட்டுக் குலுக்கிப் போடுவது போல. எந்தக் குழு என்பதை டாக்டரும் முடிவு செய்யமாட்டார், நீங்களும் முடிவு செய்ய முடியாது" என்றால் பாட்டிக்கும் விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடுபவர் சாட்சி ஆகமாட்டார்.

ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்களிடமும் நெறிமுறைக் குழுக்களில் உட்காருபவர்களிடமும் கேட்பது இதுதான். திட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், 60 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், தினக்கூலிக்காரர்கள் எத்தனை பேர் என்று முதல் பக்கத்திலேயே எண் போடச் சொல்லுங்கள். இழக்கும் கூலிக்கும் பஸ் செலவுக்கும் பட்ஜெட்டில் தனி வரி இருக்கட்டும். முகாம் ஞாயிறு காலையில், அங்கன்வாடியில், ஐஸ் பெட்டியோடு நடக்கட்டும். இரண்டு மணி நேரம் உட்காரும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், 10 மணிக்குச் சூடாக இட்லியும் அந்தப் பட்ஜெட்டிலேயே சேரட்டும்.