525 மடங்கு தொலைநோக்கியில் நிலாக் கொடி தெரியுமா?

"525 மடங்கு பெருப்பிக்கும் தொலைநோக்கி, உங்கட முற்றத்திலிருந்தே நிலாவில் நட்ட கொடியைப் பார்க்கலாம்" என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. பிள்ளைக்கு வாங்க நினைக்கும் பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள். அது பிழை. அந்தக் கொடி, விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கிக்கே தெரியாது.

525 எப்படி வருகிறது? கருவியின் குவியத்தூரம் (முன்வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 700 மில்லிமீற்றர். அதைப் பார்வைத்துண்டின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) 4 மில்லிமீற்றர் குவியத்தூரத்தால் வகுத்தால் 175. அதோடு 3 மடங்கு பார்லோ வில்லையை, அதாவது பார்வைத்துண்டுக்கு முன் செருகி மடங்கைக் கூட்டும் வில்லையை, சேர்த்தால் 525. கணக்குச் சரிதான், காட்சிதான் கலங்கிவிடும். முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீற்றர் என்றால், அது திரட்டும் ஒளிக்கு 120 மடங்கே ஏறத்தாழ எல்லை. அதற்கு மேல் வியாழன் வெறும் மங்கல் உருண்டை.

அதே கருவியில் 20 மில்லிமீற்றர் துண்டைப் போடுங்கள். 35 மடங்குதான், ஆனால் நிலாவின் பள்ளங்கள் கூர்மையாகத் தெரியும், வியாழனின் நாலு பெரிய நிலாக்களும் வரிசையாய் நிற்கும். 1610இல் கலிலியோ அவற்றைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்! கடையில் மடங்கைக் கேட்காதீர்கள். விட்டத்தைக் கேளுங்கள், முக்காலியை ஆட்டிப் பாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பவேண்டாம், பார்வையே போய்விடும்.

வாங்கும்வரை வெறுங்கண்ணே போதும். வைகாசி இரவில், பனைகள் மறைக்காத வளவில் நின்று தெற்கே பாருங்கள்: தென்சிலுவை என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம் தாழ்வாகத் தெரியும்.