காத்துக்கு காசு

இன்னைக்கு சாயங்காலம் செம மிஸ்ட்டு, சூடா டீ போட்டுட்டு பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சா எரிச்சல்தான் மிச்சம். முன்னாடி டம்ளர்ல முக்கினா கைல சூடு படாது, இப்ப பிஸ்கட்டு அவ்ளோ சிறுசாயிடுச்சு, அதோட விரலும் சேந்து முங்குது. விலை? அதே 10 ரூபா. அதுல மட்டும் என்ன ஒரு நேர்மை!

சிப்ஸ் கதை இன்னும் கொடுமை. கீழ மேட்டுப்பாளையத்துல சாதுவா இருக்கற பாக்கெட்டு, குன்னூர் தாண்டி ஊட்டி வர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பிக்குது. 7,000 அடிக்கு மேல வெளிய காத்தழுத்தம் கம்மி, உள்ள அடைச்ச நைட்ரஜன் விரியுது, அவ்ளோதான் ரகசியம். டூரிஸ்ட்டு பாத்துட்டு அடேங்கப்பா எவ்ளோ நிறையனு அள்ளிட்டு போறான். பிரிச்சா புஸ்ஸுனு ஒரு சத்தம், அடியில நாலு சிப்ஸு, அதுல ரெண்டு தூளு. காத்துக்கா காசு குடுக்கறோம், எங்க ஊர்ல ஜன்னல தெறந்தா ஓசில வருமே?

சோப்புக்கு நடுவுல குழி வேற. பிடிக்க வசதியாம்! இந்த குளிர்ல குளிக்கறதே பெரிய விஷயம், அப்பவும் மாசக்கடைசி வரைக்கும் வரமாட்டேங்குது.

கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டா "எடை பின்னாடி போட்ருக்கு பாருங்கக்கா"ங்கறாரு. போட்ருக்கு, ஒத்துக்கறேன். ஒரு கிராம் என்ன விலைனு கூட போடணும்னு சட்டமே இருக்கு. ஆனா எறும்பு கால் சைஸ்ல, மடிப்புக்குள்ள. கண்ணாடி போட்டு போன் டார்ச் அடிச்சு நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள பின்னாடி நிக்கறவங்க சாபம் விட்ருவாங்க. "புதிய பாக்கெட்"ங்கறது மட்டும் தூரத்துலயே தெரியுது!

இத டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள டீயும் ஆறிப்போச்சு. வீட்ல மூணு பேரு, பாக்கெட்ல ரெண்டு பிஸ்கட்டு.