மனச்சோர்வுக்குக் காரணம் மனவுறுதிக் குறைவா?

மனவுறுதி இல்லாதவர்களுக்குத்தான் மனச்சோர்வு நோய் வரும், மனம் வைத்தால் மீண்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

இரட்டையர்களை ஒப்பிட்டு மரபணுவின் பங்கைக் கணிக்கும் ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்யாட்ரி' வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் பாருங்கள். இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மனிதருக்கு மனிதர் வேறுபடுவதில் சுமார் 37 சதவீதம் மரபணு சார்ந்தது என்கிறது. மிச்சமெல்லாம் மனவுறுதி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இழப்பு, வேலையின்மை, சிறுவயதில் பட்ட கொடுமை எல்லாம் அதில்தான் அடங்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். மருத்துவர்கள் பலர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

நம் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தினமும் நடப்பது உதவும், சிகிச்சைக்குப் போவது இன்னும் உதவும். ஆனால் பல் துலக்க எழுவதையே மலையாக்கிவிடும் நோய் இது. அந்த நிலையில் இருப்பவரிடம் 'மனம் வை' என்றால் அவர் எதை எடுத்து வைப்பார்?

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் மனச்சோர்வு பற்றிய தகவல் பக்கம் இருக்கிறது. சமூக, உளவியல், உடலியல் காரணங்கள் பின்னிப் பிணைந்தே இது வருகிறது என்று அங்கே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம்.