சத்தமில்லாத ஜெபம் ஏற்கப்படாதா?

"கையுயர்த்தி உரக்கத் துதிக்காத ஆராதனையைக் கடவுள் ஏற்பதில்லை, யோவான் 4:24" என்றொரு செய்தி புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பைபிளின் அந்த வசனத்தில் குரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆவியோடும் உண்மையோடும் தொழவேண்டும் என்றுதான் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு சொல்கிறார்.

1 சாமுவேல் 1:13-ஐப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாள் என்ற பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்துவிட்டார். ஆசாரியருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது! ஆனால் அவள் கேட்ட பிள்ளை பிறந்தது, அதுதான் சாமுவேல்.

கைகொட்டி ஆர்ப்பரிப்பதும் தவறல்ல. சங்கீதம் 47:1 அதையே சொல்கிறது. புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயிலில் முழந்தாளிட்டு, உதடு மட்டும் அசைய ஜெபமாலை உருட்டும் பாட்டிமாரை இந்தச் செய்தி வீணாகக் கலங்கடிக்கிறது. உங்களுக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.