கையிருப்பு யார் காசில்?

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதித் துணி ஆர்டரை முடித்து நேரத்துக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் வார்த்தை ஒன்று உண்டு: "ஏர் போட்டுடுங்க". கப்பலில் போக வேண்டிய பெட்டிகளை விமானத்தில் ஏற்று, செலவு உன்னுடையது என்று அர்த்தம்.

போன வருஷம் எங்களுக்கு வந்தது. குழந்தைகள் ஜாக்கெட் ஆர்டர். துணி தயார், லைனில் ஆள் தயார், ஜிப் மட்டும் வரவில்லை. இன்ன இடத்தில்தான் ஜிப் வாங்கணும் என்று எழுதிக் கொடுத்ததே பையர்தான், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனிதான். ஆனாலும் தாமதம் எங்கள் கணக்கில் விழுந்தது. விமானக் கூலி கட்டியபின் அந்த ஆர்டரில் டீ செலவுக்குக்கூட மிஞ்சவில்லை.

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சப்ளை செயினின் எதிர்காலம் பற்றித்தான் பேச்சு. ஏஐ வரும், நாலு நாட்டில் சப்ளையர் வைப்பார்கள், கன்டெய்னர் எந்தக் கடலில் மிதக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். பார்க்கலாம், சரி. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் கப்பல் குறுக்கே சிக்கி நின்ற 6 நாளும் உலகமே பார்த்துக்கொண்டுதான் இருந்தது!

எனக்கு உருப்படியாகப் படுவது டொயோட்டா செய்த காரியம். தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும் சரக்கு வரட்டும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி அது. 2011 நிலநடுக்கத்தில் ஜப்பானின் சிப் தொழிற்சாலை ஒன்று முடங்கியதும் பாடத்தையே திருத்திக்கொண்டார்கள். சப்ளையர்கள் 2 முதல் 6 மாதத்துக்கான சிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வருஷா வருஷம் சப்ளையரிடம் குறைக்கச் சொல்லும் விலையில் ஒரு பங்கை அதற்காகத் திருப்பியும் கொடுத்தார்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை. 2021 சிப் பஞ்சத்தில் மற்ற கார் கம்பெனிகள் தடுமாறியபோது டொயோட்டா பல மாதம் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் அவர்களும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் நிலவரம் தலைகீழ். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. 10, 14 நாள் கூடுதல். அங்கே கடையில் துணி தொங்க வேண்டிய தேதி மாறாது. இங்கே நாங்கள் தூத்துக்குடிக்கு லாரி ஏற்ற வேண்டிய தேதி முன்னால் வந்துவிடும். அந்த நாட்களை நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் நைட் ஷிஃப்டிலும்தான் பிடுங்கியாக வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சாயம் ஏற்றாத கோரா துணியாகக் கொஞ்சம் ஓட்டி வைத்துக்கொள்கிறோம், நூல் காசில் பாதியைப் பையர் முன்னாலேயே போடட்டும். கலரைக் கடைசியில் சொன்னால் போதும். வியாபாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்லலாம், அவர்களுக்கும் லாபம்தான். ஜிப், லேபிளுக்கும் இதே ஏற்பாடு.

முந்தாநாள் புது சீசன் ஆர்டர் ஷீட் வந்தது. அதே ஜிப், அதே இடம். 15 நாள் ஸ்டாக்குக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்று மெயில் போட்டேன். "நல்ல யோசனை, அடுத்த சீசனில் பேசுவோம்" என்று பதில். கூடவே, பீஸுக்கு 5 சென்ட் குறைக்க முடியுமா என்று ஒரு கேள்வி.